பத்துத் திரவங்களும் ஒரு சின்ன ரூமும்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது, ஏதாவது ஒரு விஷயத்தில், என் மனைவியை ஜெயித்தே தீர்வது என்று போன மாதம் ஒரு புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். திடமான முடிவு. வாயில் நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

விஷயம் எங்கள் வீட்டுச் சின்ன ரூம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து அது காலி. காலி என்றால், ஓடாத ஃபேன் ஒன்று, பிடி அறுந்த பெட்டிகள் மூன்று, கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர், ஒரு கால் போன நாற்காலி இவை மட்டும் குடியிருந்தன. எனக்கு அந்த ரூம் வேண்டும். பெரிய ஆசை ஒன்றுமில்லை. சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, கையில் பேப்பர், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். முக்கியமாகத் தாழ்ப்பாள்.

அவளுக்கும் அந்த ரூம் வேண்டும். தையல் மெஷினுக்கு. எங்கள் தெருவில் பாதி வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை, பிள்ளைகளின் ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் அவள் தைத்ததுதான். மெஷின் பழைய காலத்து இரும்பு மெஷின். நகர்த்த நாலு ஆள் வேண்டும். அது ஹாலில், எனக்கும் டிவிக்கும் நடுவில் நிற்கிறது. அவள் மிதித்தால் செய்தி வாசிப்பவர் நடுங்குவார். நிறுத்தினால்தான் அவருக்கும் எனக்கும் உயிர் வரும்.

மூன்று வருஷமாக வழக்கு நடந்தது. தீர்ப்பு வரவில்லை. பெட்டிகள் நிம்மதியாக இருந்தன.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் கம்பெனி குடோனில், திரவப் பிரிவுக்கு நான்தான் ஸ்டோர் கீப்பர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தின்னரானாலும் டர்பன்டைனானாலும் வார்னிஷானாலும் என் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டு நகராது. வீட்டில் என் பொறுப்பில் நகரும் ஒரே திரவம் வாளித் தண்ணீர். அதையும் நானேதான் தூக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் சமையலறைக்குப் போனேன். அலமாரியில் தேன் பாட்டில் உப்பு ஜாடிமேல் சாய்ந்திருந்தது. உத்தியோகப் புத்தி சும்மா இருக்குமா?

"திரவத்தைத் தனியா வை, கட்டிச் சாமானைத் தனியா வை. எங்க குடோன்ல இப்படி வச்சா வேலையை விட்டே அனுப்பிடுவாங்க."

"அப்ப நான் போயிடட்டுமா?" என்றாள், அடுப்பைப் பார்த்தபடி.

"அதுக்குச் சொல்லலை. எது திரவம், எது கட்டின்னு தெரிஞ்சு அடுக்கணும்னு சொல்றேன்."

"உங்களுக்குத் தெரியுமாக்கும்."

"யாரைப் பாத்துக் கேக்கறே? இருபத்திரண்டு வருஷம்!"

"அங்க லேபிள் ஒட்டி வருது. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறீங்க. இங்க லேபிள் கிடையாதே."

இந்த இடத்தில் எனக்குச் சூடு ஏறிவிட்டது.

"லேபிளே வேண்டாம்! இந்தச் சமையக்கட்டுல இருக்கற சாமான்ல, அறை வெப்பநிலைல எதெல்லாம் திரவம்னு இப்பவே எழுதித் தரேன். ஒண்ணு தப்பா இருந்தாலும், ஒண்ணு விட்டுப்போனாலும் அந்தச் சின்ன ரூம் உனக்கு. எல்லாம் சரியா இருந்தா எனக்கு. சம்மதமா?"

"அறைன்னா என்ன அறை?"

"அறைன்னா அறைதான்."

"கன்னத்துல விழறதா, கதவு வச்சதா?"

"கதவு வச்சது!"

"சரி, கதவு வச்சது. ஆனா எந்தக் கதவு? இங்க அடுப்பு எரியுது. ஹால்ல மத்தியானம் வெயில் வருது. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு சூடு இல்லையா?"

"சின்ன ரூம்லயே வச்சுப் பாத்துடலாம்! எதுக்காகப் பந்தயமோ அங்கேயே தீர்ப்பு!"

சொல்லி முடித்ததும் எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தாள். இருபத்தாறு வருஷ அனுபவத்தில், அவள் எதிர்த்துப் பேசாத இடத்தில் நான் ஓடியிருக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன்.

தண்ணீர். பால். சமையல் எண்ணெய். தேங்காய் எண்ணெய். வினிகர். தேன். எலுமிச்சைச் சாறு. மண்ணெண்ணெய். பாத்திரம் கழுவும் சோப்பு நீர். பினாயில். பத்து. மிச்சமெல்லாம் கட்டி: உப்பு, சர்க்கரை, மாவு, வெண்ணெய், மெழுகுவத்தி, துணி சோப்பு.

நடுவராக எதிர்வீட்டு டீச்சரை அழைத்தோம். முப்பது வருஷம் சயன்ஸ் எடுத்தவர். ஸ்கூலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சிவப்புப் பேனாவிலிருந்து இன்னும் பெறவில்லை. பட்டியலை வாங்கியதும் முதலில் மண்ணெண்ணெய்க்கு எழுத்துப்பிழை திருத்தினார்.

"விதி இதுதான்," என்றார். "சாய்ச்சா ஓடணும், பாத்திரத்தோட வடிவத்துக்கு வரணும். வந்தா திரவம். இல்லைன்னா திடம். ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு வரேன். லிஸ்ட் அதுவரை என்கிட்ட இருக்கும். திருத்தம் கிடையாது தம்பி."

"தேவையே படாது டீச்சர்," என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் நல்ல குளிர். குளியலறையில் தலைக்குத் தடவ எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக் கையில் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. உதறினேன். வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று, சுண்ணாம்பு மாதிரி, இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது தேங்காய் எண்ணெய். அதோடு சேர்ந்து நானும் உறைந்தேன்.

நான் பட்டியல் எழுதிய இடம் அடுப்பங்கரை. அங்கே அது எப்போதும் ஓடும். சின்ன ரூமோ வடக்குப் பார்த்தது. ஜன்னல் கண்ணாடியில் விரல் நுழையும் விரிசல். கதவுக்கு அடியில் பூனை நுழையும் சந்து. குடோனிலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிவந்து உள்ளே வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது டிகிரி. தேங்காய் எண்ணெய்க்குக் குறைந்தது இருபத்தைந்து வேண்டும்.

பட்டியலைத் திருத்த முடியாது. எண்ணெயைத் திருத்த முடியாது. அறையைத் திருத்தலாமே! சூடேற்றக் கூடாது என்று விதியில் எங்கே இருக்கிறது?

ஆனால் அளவு தவறக் கூடாது. முப்பத்திரண்டுக்கு மேல் போனால் வெண்ணெய் உருகிவிடும். உருகினால் அதுவும் திரவம், பட்டியலில் இல்லை. ஆகவே இருபத்தேழு. எண்ணெய் ஓடும், வெண்ணெய் நிற்கும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் என்றால் சும்மாவா?

அன்று சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தை மறைத்துச் சொன்னேன்.

"எப்படியும் ரூம் எனக்குத்தான் வரப்போகுது. இப்பவே கொஞ்சம் சரி பண்ணி வச்சுக்கறேன்."

"பண்ணிக்குங்க. உங்க ரூம்தானே?" என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவளும் எதையோ அடக்கினாள். இருமல் என்று நினைத்தேன்.

அன்றைக்கே பெட்டிகளையும் பேப்பர் கட்டுகளையும் வெளியேற்றினேன். முதுகு பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டு, ஜன்னலைச் சுற்றி இடுக்கெல்லாம் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். புட்டி விஷயத்தில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. காற்று நுழையாது. ஜன்னலும் திறக்காது. கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தேன்.

"தரையையும் கொஞ்சம் தேய்ச்சு விட்டீங்கன்னா உக்கார நல்லா இருக்கும்," என்றாள். தேய்த்தேன்.

சனிக்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தார். சூட்டுக்காக இரண்டு பெரிய குண்டு பல்பு போடச் சொன்னேன். ஹீட்டர் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். பல்பை யார் சந்தேகப்படுவார்கள்?

"எங்க போடறது சார்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து என் மனைவியின் குரல்.

"ஜன்னல் பக்கம் போடுங்க. உக்காந்தா இடது தோளுக்கு மேல இருந்து வெளிச்சம் விழணும். இவருக்குப் பேப்பர் படிக்கறப்போ கண்ணு கஷ்டப்படக் கூடாது. அப்படியே வலது பக்கம், முழங்கால் உயரத்துல ஒரு பிளக் பாயின்ட். குனிஞ்சா இவருக்கு முதுகு வலிக்கும்."

உருகிவிட்டேன். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் என் கண்ணையும் முதுகையும் நினைக்கிறாளே! தேங்காய் எண்ணெயின் உருகுநிலை எனக்குத் தெரியும். என் உருகுநிலை அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். இரண்டு மணி நேரம் பல்பு எரிந்தது. தெர்மாமீட்டரில் இருபத்தேழு. எண்ணெய் கண்ணாடி மாதிரி ஓடியது. வெண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்த்தேன்; அசையவில்லை. மகளுக்குப் போன் போட்டு, நாளை முதல் அப்பாவுக்குத் தனி ரூம் என்று அறிவித்தேன்.

"யாரோட பந்தயம்? அம்மாவோடயா?" என்றாள்.

"ஆமாம்."

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்குங்க," என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ரூம் பளபளவென்று இருந்தது. நடுவில் மேசை. மேசைமேல் சமையலறைச் சாமான்கள் அத்தனையும் வரிசையாக. வரிசை வைத்தது என் மனைவி. டீச்சர் கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக வந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். "இருபத்தேழு. பரவாயில்லையே, கதகதப்பா இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

"ஒரு நிமிஷம் டீச்சர்," என்றாள் என் மனைவி. "சாட்சிக்கு நாலு பேர் வரட்டும். நாளைக்கு இவர் பேச்சு மாறக் கூடாது பாருங்க."

நாலு பேர் என்றாள். எட்டுப் பேர் வந்தார்கள். திரைச்சீலை தைக்கக் கொடுத்த மாடிவீட்டு அக்கா, யூனிஃபார்ம் கொடுத்த அம்மாக்கள் மூன்று பேர், தலையணை உறை கொடுத்த மாமியார் மருமகள், பேக்கரிக்காரர் மனைவி, அவர் தங்கை. எட்டடிக்கு ஒன்பதடி ரூமில் ஆள்மேல் ஆளாக நின்றோம். கடைசியாக வந்தவர் முதுகைக் கொடுத்ததில் கதவு தானே சாத்திக்கொண்டது.

டீச்சர் தண்ணீரைச் சாய்த்தார். ஓடியது. டிக். பாலைச் சாய்த்தார். ஓடியது. டிக்.

"சும்மா நிக்கற நேரத்துல டீச்சருக்குத் தைச்ச மேசை விரிப்பை இஸ்திரி போட்டுடறேன்," என்று சொல்லி, என் மனைவி இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். என் புதுப் பிளக் பாயின்டில் சொருகினாள். முழங்கால் உயரம். குனியவே வேண்டியிருக்கவில்லை.

நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தெட்டு.

தேங்காய் எண்ணெய் ஓடியது. டிக். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தேன் வந்தது. டீச்சர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தேன் யோசித்தது. எல்லோரும் தேனைப் பார்த்தார்கள். நான் மட்டும் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். இருபத்தொன்பது.

"ஓடிடுச்சு டீச்சர்! நான் பாத்தேன்!"

"அவசரப்படாதீங்க தம்பி. அது இன்னும் கிளம்பவே இல்லை."

"இவரைத் தண்ணி கொண்டுவரச் சொன்னா இதே வேகம்தான்," என்றாள் என் மனைவி. எட்டுப் பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அரை டிகிரி ஏறியது.

"புழுக்கமா இருக்கே, ஜன்னலைத் திறங்க," என்றார் பேக்கரிக்காரர் மனைவி.

"திறக்காது. நல்லாப் புட்டி வச்சு அடைச்சிருக்கு," என்றாள் என் மனைவி.

"யார் அடைச்சது?"

"நான்தான்," என்றேன். "கதவையாவது திறப்போம்."

"சோதனை நடக்கறப்போ கதவைத் திறக்கக் கூடாது. வெப்பநிலை மாறிடும்," என்றார் டீச்சர்.

"அப்ப பல்பையாவது அணைச்சிடறேன்!"

"ஐயோ, டீச்சருக்கு வெளிச்சம் வேண்டாமா?" என்று பதறினாள் என் மனைவி. டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, வேண்டும் என்று தலையாட்டினார்.

பத்தும் முடிந்தது. பத்து டிக். "பத்துக்குப் பத்து," என்றார் டீச்சர், வருத்தத்தோடு. முப்பது வருஷத்தில் அந்த மார்க்கை அவர் யாருக்கும் போட்டதில்லையாம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். நெரிசலில் பாதிதான் தூக்க முடிந்தது.

"ரூம் என்னோடது!"

"இருங்க," என்றாள் என் மனைவி. "விட்டுப்போனது ஏதாவது இருக்கான்னு பாக்க வேண்டாமா? பந்தயத்துல அதுவும் உண்டே."

டீச்சர் கட்டிச் சாமான்களுக்கு வந்தார். முதலில் உப்பு. சாய்த்தார். கொட்டியது.

"ஓடுதே!" என்றார் மாடிவீட்டு அக்கா.

"இல்லம்மா. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக் கட்டி. கூட்டமா இருக்கறதால ஓடற மாதிரி தெரியுது."

"அப்ப சர்க்கரை?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்ப மாவு?"

டீச்சர் பொறுமையாக விளக்கினார். சந்தேகம் கேட்டார்கள். மறுபடி விளக்கினார். சந்தேகம் கேட்கும்போதெல்லாம் என் மனைவி இஸ்திரிப் பெட்டியை உயர்த்திப் பிடித்து மரியாதையாகக் காத்திருந்தாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மெழுகுவத்தி நின்றது. சோப்பு நின்றது. வரிசையில் கடைசியாக, பல்புக்கு நேர் கீழே, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம்.

முப்பத்து மூன்று.

டீச்சர் கிண்ணத்தைச் சாய்த்தார்.

வெண்ணெய் எந்தத் தயக்கமும் இல்லாமல், மஞ்சளாக, மினுமினுப்பாக, விளிம்பு வரை வந்து வட்டமாக நின்றது. மறுபக்கம் சாய்த்தார். மறுபக்கம் வந்தது. தேனைவிட நூறு மடங்கு சுறுசுறுப்பு.

"திரவம்," என்றார் டீச்சர். "லிஸ்ட்ல இல்லை."

"இது அநியாயம்!" என்று கத்தினேன். "ஆளைக் கூட்டிச் சூடு ஏத்திட்டா!"

"நீங்க பல்பு போட்டீங்க, நான் ஆள் போட்டேன்," என்றாள். "ஹால்ல நாலு பேர் அளவு கொடுக்க வந்து உக்காந்தாலே ஃபேன் போட வேண்டியிருக்கு. எனக்குத் தெரியாதா?"

"தம்பி சொல்றது ஒருவிதத்துல நியாயம்தான்," என்றார் டீச்சர். "சும்மா நிக்கற மனுஷ உடம்பே ஒரு பல்பு அளவுக்குச் சூடு விடும். அப்ப இந்த ரூமை முதல்ல சூடு பண்ணினது யாரு?"

பத்து ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்தன. என் வாதத்தை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தார்கள். குளிர்ந்த காற்று வந்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், எட்டுப் பேரும் ஹாலுக்குப் போய், தெம்பான நாலு பேர் ஆளுக்கொரு மூலை பிடித்து, "ம், தூக்கு" என்று ஒரே குரலில் தூக்கி, தையல் மெஷினை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நாலு பேர் போதுமே, எதற்கு எட்டு என்று கேட்டேன். "வரவங்க எல்லாரும் தூக்கிட முடியுமா? மாமியாரம்மாவுக்கு மூட்டு வலி," என்றாள். அதாவது, தூக்கும் திட்டம் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருந்தது.

மெஷின் ஜன்னலோரம் சரியாகப் பொருந்தியது. அவள் உட்கார்ந்து பார்த்தாள். வெளிச்சம் இடது தோளுக்கு மேலிருந்து, ஊசி முனையில், கத்தி மாதிரி விழுந்தது. பிளக் பாயின்ட் கை நீட்டினால் எட்டியது. ஜன்னலிலிருந்து தூசி வராது, துணி அழுக்காகாது. கதவுக்கு அடியில் பூனை வராது, நூல்கண்டு உருளாது.

"மூணு வருஷமா இந்தக் கண்ணாடியை மாத்துங்க, ஒரு பிளக் போடுங்கன்னு கெஞ்சினேன்," என்று மாடிவீட்டு அக்காவிடம் சொன்னாள். "காதுல விழலை. மூணே நாள்ல தரை வரைக்கும் தேய்ச்சுக் கொடுத்துட்டார், பாவம்."

குடோனில் எத்தனையோ டேங்கர் லாரிக்காரர்கள் எனக்குத் தண்ணி காட்டப் பார்த்துத் தோற்றிருக்கிறார்கள். வீட்டில் ஒரு கிண்ணம் வெண்ணெயைக் காட்டியே கதையை முடித்துவிட்டாள்.

டீச்சர் மட்டும் இன்னும் மேசையோரம் நின்றிருந்தார். வேலையில் சுத்தமானவர். பட்டியலில் சிவப்புப் பேனாவால் பதினொன்று, வெண்ணெய் என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"லிஸ்டை முடிச்சிடலாமா? இந்த ரூம்ல வேற ஏதாவது திரவம் விட்டுப்போச்சாம்மா?"

என் மனைவி மெஷினில் நூல் கோத்தபடி என் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அசடு டீச்சர். வழிஞ்சிட்டிருக்கு பாருங்க."

டீச்சர் கண்ணாடியைத் தூக்கி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டு என்று எண் போட்டார்.